தக்காளிக்கு என்று வாங்கிப்போன டியூப் லைட்டுகள்

ஹேவர்டில் நான் வேலை பார்த்த மின்சாமான் கடையில் என் இடத்தில் இப்போது நிற்பவள் மரியா. போன மாதம் போன் செய்தாள். வீட்டுக்குள் செடி வளர்ப்பதற்கென்றே இலைப் படம் போட்ட பெட்டிகளில் எல்இடி விளக்குகள் வருகின்றனவாம். ஒரு சுவர் முழுக்க அதுதானாம். "இதெல்லாம் இல்லாத காலத்தில் நீங்கள் என்னத்தை விற்றீர்கள், மோ?" என்று கேட்டாள். நான்கடி டியூப் லைட் விற்றோம் என்றேன். நம்பவில்லை. அவளுக்குச் சொன்னதையும், போனில் சொல்ல முடியாததையும் இங்கே எழுதுகிறேன்.

திருநெல்வேலியில் ஒரு தமிழ் நாளிதழில் இருபத்திரண்டு வருடம் உதவி ஆசிரியராக இருந்தேன். முன்பே அமெரிக்காவில் குடியேறிய அண்ணன் எங்களுக்காகப் போட்ட மனு பலித்து 2001-இல் குடும்பத்தோடு கலிபோர்னியா வந்தபோது எனக்கு நாற்பத்தெட்டு வயது. தலைப்பு போடத் தெரிந்தவனுக்கு ஹேவர்டில் வேலை இல்லை. மின்சாமான் கடையில் கவுண்டர் வேலை கிடைத்தது. முதல் ஆறு மாதம் பெட்டி அடுக்கினேன், பட்டியல் படித்தேன். அதற்குமேல் அந்தக் காலத்தைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

கடைக்காரர் பெயர் கென். ஜப்பானிய வம்சாவளி, இங்கேயே பிறந்தவர், என்னைவிட ஆறு வயது இளையவர். குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. சாதாரணமாக என்னை 'மோ' என்பார். கோபம் வந்தால் 'மிஸ்டர் மொகிதீன்' ஆகிவிடுவேன். அவருக்குக் கவுண்டரில் ஒரே ஒரு விதி இருந்தது. விளக்கு வாங்க வருபவரிடம் இடம் எவ்வளவு நீளம், எவ்வளவு அகலம், எவ்வளவு உயரம், பிளக் எங்கே இருக்கிறது என்று கேட்கலாம். எதற்கு என்று மட்டும் கேட்கக் கூடாது.

பத்திரிகைக்காரனுக்கு இது கஷ்டமான விதி. முதல் வாரமே மீறினேன். பெரிய தாடி வைத்த ஒருவர் ஆறு விளக்கு கேட்டார். என்ன வளர்க்கிறீர்கள் என்றேன். "தக்காளி" என்றார். அவர் போன பிறகு கென் வந்தார்.

"மிஸ்டர் மொகிதீன், நீங்கள் எதற்கு என்று கேட்டால் அவர்கள் பொய் சொல்வார்கள். பிறகு நாம் அந்தப் பொய்க்குப் பொருத்தமான விளக்கைக் கொடுத்து அனுப்புவோம். செடி செத்துப்போகும். பொய் சொன்னவர் நம்மைத்தான் திட்டுவார்."

டாக்டர் கடிதம் இருந்தால் நோயாளி தன் வீட்டில் சில கஞ்சாச் செடிகள் வளர்த்துக்கொள்ள அந்த மாநிலத்தின் சட்டம் அப்போதே அனுமதித்திருந்தது. மத்தியச் சட்டம் அனுமதிக்கவில்லை. இரண்டுக்கும் நடுவில் மாட்டியவர்கள் எல்லோரும் எங்கள் கவுண்டரில் வந்து தக்காளி என்றார்கள். அந்த வருடங்களில் ஹேவர்டில் விளைந்திருக்க வேண்டிய தக்காளிக்கு ஊரே ரசம் வைத்துக் குடித்திருக்கலாம்.

வசதி உள்ளவர்கள் பெரிய சோடியம் விளக்குகளைத் தேடி வேறு கடைக்குப் போனார்கள். அவை அறையை அடுப்பாக்கும், மின்கட்டணத்தையும் ஏற்றும். எங்களிடம் வந்தவர்கள் கை இறுக்கமானவர்கள், அல்லது ஒரு அலமாரிக்குமேல் இடம் இல்லாதவர்கள். அவர்களுக்கு கென் ஒரு முறை வைத்திருந்தார். கார் ஷெட்டில் மாட்டுகிற சாதாரண நான்கடி விளக்கு, இரண்டு டியூப் போடுவது. டி-12 என்ற பருமனான பழைய டியூப் விலை குறைவு, ஆனால் முனகும், வெளிச்சம் மங்கும். அடுத்து வந்த மெல்லிய டி-8 கொஞ்சம் அதிக விலை, கரண்ட் குறைவு. மெல்லியதையே எடுக்கச் சொல்வார். செடி வளரும்வரை பகல் வெளிச்சம் போன்ற வெள்ளை டியூப். பூக்கும் பருவத்தில் பாதியைக் கழற்றிவிட்டு மஞ்சள் சாயல் உள்ளதைப் போட வேண்டும். செடிக்கென்றே ஊதா நிறத்தில் ஒரு டியூப் வந்துகொண்டிருந்தது. விலை பல மடங்கு. அதைக் காட்டிக் கேட்பவர்களிடம் கென், "செடிக்குப் பெட்டியைப் படிக்கத் தெரியாது" என்பார்.

விளக்கைச் சங்கிலியில் தொங்கவிட வேண்டும், செடி உயர உயர ஒவ்வொரு கண்ணியாக மேலே ஏற்றுவதற்கு. இலைக்கும் டியூபுக்கும் நான்கு விரற்கடை இடைவெளி. இலை இருக்கும் உயரத்தில் புறங்கையை அரை நிமிடம் பிடித்துப் பார்க்க வேண்டும். கைக்குச் சுட்டால் இலைக்கும் சுடும். ஒருமுறை நான் சங்கிலியை எடுத்து வைக்க மறந்து, வாங்கியவர் நைலான் கயிற்றில் கட்டினார். முடிச்சு நழுவி விளக்கு விழுந்து டியூப் நொறுங்கியது. கென் என்னைத் தன் வண்டியில் அழைத்துப்போய் அந்த வீட்டுத் தரையைக் காட்டினார். திரும்பும் வழி முழுக்க என்னை மிஸ்டர் மொகிதீன் என்றார்.

கோகிலாவை நான் முதலில் பார்த்தது 2005 செப்டம்பரில். டியூப் வரிசைக்கு நடுவே நின்று போனில் தமிழ் பேசிக்கொண்டிருந்தார்.

"எல்லாம் நம்பர் நம்பரா போட்டிருக்குதுங்க. டீ எட்டுங்கறான், டீ பன்னெண்டுங்கறான். டீக்கடைல வந்து நிக்கற மாதிரி இருக்குது. நீங்க படுங்க, நா பாத்துக்கறேன்."

நாற்பது வயதுக்குச் சற்று மேல் இருக்கும். போனை வைத்ததும் தமிழில் பேசினேன். முகம் முதலில் மலர்ந்தது, அடுத்த நொடியே எச்சரிக்கையானது.

"கறிவேப்பிலைச் செடிக்குங்ணா. குளுருக்கு உள்ள எடுத்து வெக்கோணும்."

அளவு கேட்டேன். கடைசி அறையில் ஒரு பெரிய துணி அலமாரி, ஆள் உள்ளே நிற்கலாம் என்றார். கறிவேப்பிலைக்கு எது போதுமோ அதை எடுத்து வைத்தேன்: இரண்டு விளக்கு, நான்கு வெள்ளை டியூப், சங்கிலி. வண்டியில் ஏற்றிக் கொடுத்துவிட்டு வந்தேன். ஐந்து நிமிடம் கழித்து கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்தால் கார் அங்கேயே நிற்கிறது. இன்னொரு ஐந்து நிமிடத்தில் உள்ளே வந்தார்.

"அண்ணா, நா பொய் சொல்லிட்டனுங்க."

கவுண்டரில் வேறு யாரும் இல்லை. சொல்லி முடித்தார். கணவர் செல்வராஜ், உடுமலைப்பேட்டைக்காரர், சாஃப்ட்வேர் டெஸ்டிங் வேலை. குடலில் புற்றுநோய். அறுவை சிகிச்சை முடிந்து கீமோ நடக்கிறது. மொத்தம் பன்னிரண்டு சுற்று, முடிந்தது மூன்று. சாப்பாட்டு வாசனை வந்தாலே குமட்டல். எடை இறங்கிக்கொண்டே போகிறது. இன்னும் இறங்கினால் மீதிச் சுற்றுகளை நிறுத்த வேண்டியிருக்கும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அந்த டாக்டரே கஞ்சாவுக்குக் கடிதம் கொடுத்தார். ஓக்லண்டில் கடிதம் காட்டி வாங்கும் இடத்தில் ஒருமுறை வாங்கினார்கள். கொஞ்சம்தான் எடுத்துக்கொண்டார், ஒரு கிண்ணம் தயிர் சாதம் சாப்பிட்டார். ஆனால் இன்ஷூரன்ஸ் தராது, அரைச் சம்பளத்தில் அந்த விலை கட்டுப்படியாகவில்லை. பக்கத்து வீட்டு வெள்ளைக்காரர், அவரும் நோயாளிதான், நான்கு தண்டு வெட்டித் தருகிறேன், வளர்த்துக்கொள் என்றிருக்கிறார்.

"கஞ்சாச் செடிக்குன்னு எப்படிங்ணா ஒரு தமிழாள்கிட்ட கேக்கறது?"

அவர்கள் இருவரும் அப்போதே அமெரிக்கக் குடிமக்கள். மத்திய அரசின் தயவில் இருக்கும் கிரீன் கார்டு கட்டத்தில் இருந்திருந்தால் வேண்டாம் என்று நானே தடுத்திருப்பேன்.

கறிவேப்பிலைக்கும் இதற்கும் விளக்கில் பெரிய வித்தியாசம் இல்லை, இருட்டில்தான் வித்தியாசம் என்றேன். வளரும்போது நீண்ட பகல். பூக்க வேண்டும் என்றால் தினம் பன்னிரண்டு மணி நேரம் வெளிச்சம், பன்னிரண்டு மணி நேரம் இடைவிடாத இருட்டு. பூவில்தான் மருந்து. டைமர் ஒன்று எடுத்து வைத்தேன். இரவில் மின்கட்டணம் குறைவு, அறையும் குளிர்ச்சி. ஆகவே பூக்கும் பருவத்தில் இரவு பத்து மணிக்கு எரிந்து காலை பத்துக்கு அணையும்படி வைக்கச் சொல்லி, நானே டயலில் பேனாவால் கோடு போட்டுக் கொடுத்தேன். அந்தக் கோடு என்னுடையது.

நவம்பர் தொடக்கத்தில் செடிகளைப் பூக்கும் கணக்குக்கு மாற்றினார். இரண்டு வாரத்தில் அரும்பு தெரிய வேண்டும். ஐந்து வாரம் கழித்து டிஜிட்டல் கேமராவோடு கடைக்கு வந்தார். படத்தில் நான்கு செடிகள் இடுப்பளவு உயரம், கரும்பச்சை, ஒரு பழுப்பு இலை கிடையாது. ஒரு அரும்பும் கிடையாது.

"ஒம்பதாவது ரவுண்டை ரெண்டு வாட்டி தள்ளி வெச்சுட்டாங்க. எடை பத்தலீங்களாம். இவரு இனி வரவே மாட்டேங்கறாரு. ஒரு பிடி சோறு எறங்கினா நா மல்லுக்கட்டிக் கூட்டிட்டுப் போயிருவேன். இதையே நம்பிட்டு இருந்தனுங்ணா."

ஞாயிற்றுக்கிழமை காலை, விளக்கு அணைவதற்கு முன்பே, டேப்பும் தெர்மாமீட்டருமாக யூனியன் சிட்டியில் இருந்த அவர்கள் வீட்டுக்குப் போனேன். சங்கிலி சரி. நான்கு விரற்கடை சரி. புறங்கை வைத்துப் பார்த்தேன், சரி. டைமர் என் கோட்டில் நின்றது. அலமாரிக் கதவின் இடுக்கெல்லாம் கறுப்புத் துணி ஒட்டியிருந்தார். பத்து மணிக்கு விளக்கு அணைந்ததும் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு நின்றேன், என் கை எனக்குத் தெரியவில்லை. குறை சொல்ல ஒன்றும் கிடைக்காமல் திரும்பினேன்.

திங்கட்கிழமை பெயர் சொல்லாமல் கென்னிடம் விவரத்தைச் சொன்னேன். எது என்று சொல்லவில்லை. 'இருட்டில் பூக்கும் செடி' என்றேன். அவரும் கேட்கவில்லை.

"என் அப்பா இங்கேதான் செவ்வந்தி வளர்த்தார்" என்றார். "கண்ணாடி வீடுகள், ஏக்கர் கணக்கில். அதுவும் நீண்ட இருட்டு இருந்தால்தான் பூக்கும். பண்டிகைக்குத் தள்ளிப் பூக்க வைக்க வேண்டும் என்றால் அப்பா என்ன செய்வார் தெரியுமா? இருட்டுக்கு நடுவில் கொஞ்ச நேரம் விளக்கைப் போட்டு அணைப்பார். செடி இரவையே மறந்துவிடும். மோ, உன் வாடிக்கையாளர் வீட்டில் யாரோ அந்தக் கதவைத் திறக்கிறார்கள்."

போன் செய்தேன். கோகிலா சத்தியம் செய்தார். "யாரும் தொறக்கறதில்லீங்ணா. காத்தால பத்துக்கு அணைஞ்சா ராத்திரி பத்து வரைக்கும் நா அந்தப் பக்கம் தண்ணி ஊத்தக்கூடப் போறதில்லை."

ஒரு செய்தியை ஒருவர் 'அப்படி இல்லை' என்று சத்தியம் செய்து மறுத்தால், நேரில் போய் உட்கார்ந்து பார்ப்பது என் பழைய பழக்கம். சனிக்கிழமை பிற்பகல் போனேன். செல்வராஜ் சோபாவில் போர்வைக்குள் இருந்தார். மெலிந்த முகம், பேச்சு மட்டும் மெலியவில்லை.

"வாங்க பாய். செடி டாக்டர் வந்துட்டார். என் டாக்டரை விட நீங்கதான் அடிக்கடி வர்றீங்க."

டிசம்பர் என்பதால் ஐந்து மணிக்கு முன்பே சூரியன் இறங்கிவிட்டது. மஃரிப் தொழ ஒரு ஓரம் கிடைக்குமா என்று கேட்டேன். கடைசி அறைதான் அமைதியாக இருக்கும் என்று கோகிலா அழைத்துப்போனார். "ஒரு நிமிசம் இருங்ணா" என்று சுவிட்சைப் போட்டார். பிறகு அலமாரிக் கதவைத் திறந்து, உள்ளே மேலே இருந்த பல்பையும் போட்டு, கதவைத் திறந்தபடியே விட்டுவிட்டு, அடுத்த அறைக்கு விளக்குப் போடப் போனார்.

நான் விரிப்பை விரித்துத் தொழுதேன். இதை எழுதவே கூச்சமாக இருக்கிறது. என் கண் முன்னால் நடந்தும் எனக்கு உறைக்கவில்லை. எங்கள் வீட்டிலும் என் மனைவி நூர்ஜஹான் அந்த நேரத்தில் இதைத்தான் செய்வாள். பாங்கு சொல்லும் நேரத்தில் வீட்டில் ஒரு மூலை இருட்டாக இருக்கக் கூடாது. பிறந்ததிலிருந்து பார்ப்பதை யார் கவனிப்பார்கள்? தொழுகை முடிந்து சலாம் சொல்ல வலப்பக்கம் முகத்தைத் திருப்பினேன். நான்கு செடிகளும் பளிச்சென்று நின்றன. இடப்பக்கம் திருப்பி முடித்துவிட்டுத்தான் எழுந்தேன்.

"கோகிலா, இந்த லைட்டை தினமும் போடுவீங்களாம்மா?"

"வெளக்கு வெக்கற நேரமுங்களே. எல்லா ரூம்லயும் போடுவேன். அரை மணி நேரம் இருந்துட்டு அணைச்சுருவேன்."

"யாரும் திறக்கறதில்லைன்னு சொன்னீங்களே?"

"நா தொறந்து என்ன பண்றேன்? வெளக்குதான போடறேன்?"

கென் சொன்ன செவ்வந்திக் கதையைச் சொன்னேன். காலை பத்து மணிக்குத் தொடங்கும் இருட்டை ஏறக்குறைய நடுவில் இவர் இரண்டாக வெட்டியிருக்கிறார், தினமும், ஐந்து வாரமாக. சோபாவிலிருந்து குரல் வந்தது.

"பாய், டெஸ்டிங்ல இதுக்குப் பேரு இருக்கு. யூசர் எரர்."

"நீங்க சும்மா இருங்க."

"ஏன் சும்மா இருக்கோணும்? மூணு மாசமா எனக்கு சோறு எறங்கலை. துணி அலமாரிக்குள்ள லட்சுமி வந்து என்ன பண்ணப் போறா? ஹேங்கர் எண்ணுவாளா?"

கோகிலா என்னைப் பார்த்தார். "அந்த ரூமை மட்டும் இருட்டா போட்டுரோணுமுங்களா? தெனமும்?"

"ஆமாம்மா. ரெண்டு மாசம்."

"நோவாளி இருக்கற ஊடுங்ணா. நல்லா இருந்தப்ப ஒரு நாள் ரெண்டு நாள் மறந்திருக்கேன். இவரு படுத்ததுக்கப்பறம் ஒரு நாள்கூட விட்டதில்லை. இந்த நேரத்துல ஒரு ரூமைப் பூட்டி இருட்டு பண்ணுன்னா எங்கையி எப்படிங்ணா வரும்?"

கண் கலங்கவில்லை. வாதமும் செய்யவில்லை. முடியாததை முடியாது என்று சொன்னார், அவ்வளவுதான். மூடநம்பிக்கை என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வந்திருக்கலாம். அதே வேளையில் விளக்கேற்றும் வீட்டிலிருந்து போனவன் நான். எனக்கு அந்த வார்த்தை வரவில்லை. டைமரின் முன்னால் மண்டியிட்டு உட்கார்ந்தேன். என் பேனாக் கோடு பத்தில் இருந்தது. இரவில் கட்டணம் குறைவு என்று பார்த்தேனே தவிர, அந்த வீட்டில் எந்த நேரத்தில் என்ன நடக்கும் என்று நான் கேட்கவே இல்லை. இருட்டைக் காலையில் தொடங்கி இரவில் முடித்து, அந்தி வேளையை அதன் நடுவில் கொண்டுபோய் வைத்தவன் நான்.

டயலைத் திருப்பினேன். மாலை ஐந்து மணிக்கு எரியும், விடிகாலை ஐந்துக்கு அணையும். அப்போது மணி ஐந்தைத் தாண்டியிருந்தது. இரண்டு விளக்கும் இரண்டு முறை கண் சிமிட்டிவிட்டு எரிந்தன.

"இனி நீங்க போட வேண்டாம். உங்க நேரத்துக்கு அதுவே எரியும். கதவை மட்டும் திறக்காதீங்க."

கோகிலா உள்ளே எட்டிப் பார்த்தார். மேலே இருந்த பல்பை அணைத்தார். கதவைச் சாத்திவிட்டு, அடியில் கறுப்புத் துணி விலகிய இடத்தில் தெரிந்த மெல்லிய வெளிச்சக் கோட்டைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"உள்ள எரிஞ்சா போதுங்ணா. கதவு சாத்தியிருந்தா பரவால்ல."

திங்கட்கிழமை கென் கேட்டார், கதவைத் திறந்தது யார் என்று. நான்தான் என்றேன். அதற்குமேல் அவர் கேட்கவில்லை.

பத்திரிகை வழக்கப்படி முடிவை முன்பே சொல்லிவிடுகிறேன்: பன்னிரண்டு சுற்றும் நடந்து முடிந்தன. ஆனால் சுலபமாக நடக்கவில்லை. புத்தாண்டுக்கு முன்பே அரும்பு கட்டியது. பறித்துக் காயவைக்கப் பிப்ரவரி முடிந்தது. அதுவரை ஓக்லண்டில் வாங்கியதைச் சிறுகச் சிறுகப் பங்கிட்டு, ஒன்பதும் பத்தும் எப்படியோ கழிந்தன. பதினொன்றாம் சுற்றுக்கு வரமாட்டேன் என்று செல்வராஜ் மருத்துவமனைக்கு அவரே போன் செய்து நேரத்தை ரத்து செய்தார். கோகிலா மறுபடி போன் செய்து அதே நேரத்தை வாங்கினார். காரில் ஏற்ற நானும் போயிருந்தேன். வழியெல்லாம் அவர் பேசவில்லை, கிண்டல்கூட இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

ஒவ்வொரு சுற்றுக்கும் பிறகு மூன்றாம் நாள்தான் அவருக்கு மிக மோசமான நாள். வீட்டுச் செடியின் மருந்து கைக்கு வந்த பதினொன்றாம் சுற்றில், அந்த மூன்றாம் நாள் காலை பதினொரு மணிக்குக் கடை போன் அடித்தது.

"அண்ணா, ரெண்டு இட்லி சாப்புட்டாருங்க."

"நல்லதும்மா."

"மூணாவது கேக்கறாருங்க." குரலைத் தாழ்த்திக்கொண்டார். "மாவு இல்லீங்ணா. சாப்புட ஆளில்லைன்னு அரைக்கறதையே விட்டுட்டேன். பிரீசர்ல ரெண்டு இட்லி கெடந்துது, அதான் குடுத்தேன். கடைக்கு ஓடலாம்னா இவரைத் தனியா விட்டுட்டுப் போகவும் பயமா இருக்குது."

பின்னாலிருந்து செல்வராஜ் குரல் கேட்டது. "பாய்கிட்ட எதுக்கு ஒப்பாரி? தட்டை நக்கிட்டு இருக்கேன், சீக்கிரம் ஏதாவது பண்ணுங்க."

இணைப்பைக் காத்திருக்க வைத்துவிட்டு இன்னொரு லைனில் வீட்டைக் கூப்பிட்டேன்.

"இட்லி மாவு இருக்கா?"

"இருக்கு. கொஞ்சம் புளிச்சிருக்கு. ஏன்?" என்றாள் நூர்ஜஹான்.

"செல்வராஜ் மூணாவது இட்லி கேக்கறாராம்."

நாங்கள் வந்து ஐந்து வருடமாகியும் நூர்ஜஹான் ஃப்ரீவே நெடுஞ்சாலையில் தனியாக ஓட்டியது கிடையாது, எந்த எக்சிட்டில் இறங்குவது என்று பயம். மளிகைக் கடைக்குக்கூட உள்தெரு வழியாகவே போவாள். பாத்திர மூடி சத்தம் கேட்டது, சாவிக் கொத்துச் சத்தம் கேட்டது.

"எந்த எக்சிட்?" என்றாள்.